இச்சிமரத்துக் காவல்

14

எட்டு நாள் மலைக்காய்ச்சலில் கிடந்து எழுந்த கிருபாவதிக்கு, அன்று விடிந்ததிலிருந்தே ஊரில் ஏதோ குறைவதுபோல் இருந்தது. சேவல் கூவியது. வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. பக்கத்துத் தொழுவத்தில் மாடு கத்தியது. எல்லாமே போர்வைக்கு அடியில் நடப்பதுபோல் மந்தமாகக் கேட்டன.

கொயினா மாத்திரை காதை அடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். கம்பம் பள்ளத்தாக்கில் கொயினா தின்னாத குடும்பம் கிடையாது. தின்றவர் காதில் பத்து நாளைக்கு ரீங்காரம் கேட்பதும் யாருக்கும் புதிதல்ல. அதனால் அவள் அதற்கு மேல் யோசிக்கவில்லை. யோசிக்க நேரமும் இல்லை. அன்று அறுப்புப் பண்டிகை.

அந்த ஒரு நாளுக்காகத்தான் அவள் இரண்டு மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சென்ற வாரங்களைத் தவறவிட்டவர்களுக்கு இரண்டு வார்த்தை. மருதக்கால்பட்டிக் கிறிஸ்தவக் கோயில் வாசலில் ஓர் இச்சிமரம் நிற்கிறது. விழுது விடாத ஆலமரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ராக்கையா என்ற சம்சாரியிடமிருந்து சபை அந்த நிலத்தை வாங்கியபோது, மரத்தில் ஒரு முனி குடியிருந்தது. ஊரார் அப்படித்தான் சொன்னார்கள். அந்த நிழலைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்கள். கொப்பு ஒடிக்கமாட்டார்கள். அதில் அடைகிற பறவைகள்மேல் கல் எறியமாட்டார்கள்.

நிலம் சபைக்கு வந்தது, முனி போகவில்லை. புதிதாக ஞானஸ்நானம் வாங்கிய குடும்பங்கள்கூடக் கோயிலுக்கு வரும் வழியில் மரத்தடியில் செருப்பைக் கழற்றின. சபை மூப்பர் அய்யாத்துரைக்கு அது கண்ணில் விழுந்த தூசி. கடைவீதியில் ஏலக்காய் மண்டி வைத்திருப்பவர், சபையில் அவர் சொன்னதற்கு மறுசொல் கிடையாது. மரத்தை வெட்டினால்தான் முனி போகும் என்று கமிட்டியில் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்தி மட்டும் ஆட்டவில்லை. அவருடைய சொந்த மருமகள் கிருபாவதி.

"மரம் என்ன பாவம் செஞ்சுச்சு மாமா? ஆண்டவர் உண்டாக்குன மரம்தான அது?" என்று அவள் கேட்டது அந்தக் கூரைக்கு அடியில் அதுவரை கேட்காத குரல்.

அய்யாத்துரை கோபக்காரர், ஆனால் அநியாயக்காரர் அல்ல. கொஞ்ச நேரம் மீசையைத் தடவிவிட்டு ஒரு வழி சொன்னார். "நீதான் ஞாயித்துக்கெழம புள்ளைகளுக்குப் பாடம் நடத்துற. நல்லது. அந்த மரம் எதுக்குன்னு புள்ளைகளுக்குச் சொல்லிக்குடு. அறுப்புப் பண்டிகையில சபைக்கு முன்னால புள்ளைக வந்து சொல்லட்டும். முனிப் பயமில்லாம, ஆண்டவருக்கு ஏத்தாப்ல சொல்லுச்சுகன்னா மரம் நிக்கும். இல்லேன்னா மறுநாளே கோடாலி."

அப்படித்தான் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் அவள் அந்த மரத்தடியிலேயே பாடம் நடத்தினாள். பயப்படாதீர்கள், அது பேய் மரமல்ல என்றாள். ஆனால் வெட்டிப் போடவும் கூடாது என்றாள். முதல் மனிதனை ஆண்டவர் ஒரு தோட்டத்தில்தான் வைத்தார். எதற்கு வைத்தார், அதைக் காவல் காக்கத்தான் வைத்தார் என்றாள். நீங்களும் இந்த மரத்துக்குக் காவல்காரர்கள் என்று சொல்லி, ஆளுக்கொரு முறை வைத்துக் கொடுத்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நான்கு நான்கு பிள்ளைகளாக மரத்தடியில் காவல். இருபத்தோரு பிள்ளைகளுக்கும் தலைவி, அவளுடைய ஒன்பது வயது மகள் தங்கப்புஷ்பம்.

காவல் என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்கவில்லை. அவளும் விளக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த சொல்.

கடைசி எட்டு நாள் அவளைக் காய்ச்சல் படுக்கப் போட்டுவிட்டது. ஆனாலும் புஷ்பம் ஒவ்வொரு சாயங்காலமும் கட்டிலருகே வந்து, "காவல் நல்லா நடக்குதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஒரு வார்த்தை அவளுக்குக் கொயினாவைவிட நன்றாக வேலை செய்தது.

கணவன் வைகுண்டராஜ் கஞ்சியோடு உள்ளே வந்தான். நல்ல மனிதன். அப்பாவுக்கு முன்னால் அவன் நிழல்கூடக் குனிந்துதான் விழும்.

"எந்திரிச்சு நடமாடிருவியா?"

"நடந்துதான் ஆகணும். மாமா கெளம்பிட்டாகளா?"

"அப்பவே போயிட்டாக. தேனியிலயிருந்து போதகர் ஐயா மொத பஸ்ஸுக்கு வாராகளாம்." கஞ்சியைக் கையில் கொடுத்தான். "சின்னக்கருப்பையும் அவன் மச்சினனையும் நாளைக்குக் காலையில கோடாலியோட வரச் சொல்லியிருக்காக."

"கமிட்டி இன்னும் முடிவே சொல்லலையே?"

வாசல்வரை போய்த் திரும்பி நின்றான். "கிருபா."

"என்ன?"

"ஒண்ணுமில்ல. கஞ்சியக் குடி."

அந்த ஒண்ணுமில்லைக்குள் என்ன இருந்தது என்பது அவளுக்கு மத்தியானம்தான் தெரிந்தது.

புஷ்பத்துக்குத் தலை பின்னிவிடும்போது, அவள் வலது கைக் கட்டைவிரல் இடுக்கில் தோல் உரிந்து சிவந்திருப்பதைக் கிருபாவதி பார்த்தாள்.

"கையில என்னடி?"

"காவல் காத்ததும்மா." புஷ்பம் கையை மூடிக்கொண்டு சிரித்தாள். "எதுவும் கேக்கக்கூடாது. நாங்க ஒரு காணிக்கை வச்சிருக்கோம். ஒனக்கே தெரியாது."

கிருபாவதி மகளின் நெற்றியில் முத்தமிட்டாள். பெற்றவளுக்கு இருக்கிற பெருமை, வேறென்ன.

கோயில் நிறைந்துவிட்டது. இரண்டாம் போகம் அறுத்து முடித்த கையோடு வந்த பண்டிகை. ஆராதனை மேடைக்கு முன்னால் நெற்கதிர்க் கட்டுகள், வாழைத்தார்கள், பூசணி, காலைக் கட்டிப்போட்ட சேவல்கள். கிருபாவதி பெண்கள் பக்கத்துப் பாயில் சுவரோரம் உட்கார்ந்தாள். எழுந்து நிற்க வேண்டிய இடத்தில் நின்று, பாட வேண்டிய இடத்தில் வாயை மட்டும் அசைத்தாள். அவள் காதில் ரீங்காரம், நெஞ்சில் ஒரே ஜெபம். பிள்ளைகள் மறக்காமல் சொல்ல வேண்டும்.

போதகர் பிரசங்கத்தை முடித்துக்கொண்டு, "நம்ம சின்னப் பிள்ளைகள் ஏதோ காணிக்கை கொண்டுவந்திருக்கிறார்களாம்" என்றார்.

புஷ்பம் முன்னால் வந்தாள். பின்னால் நான்கு பெண்பிள்ளைகள் நெல் புடைக்கும் இரண்டு புதுச் சுளகுகளைத் தூக்கி வந்தார்கள். மேலே வெள்ளைத் துணி மூடியிருந்தது. கடைசியில் வந்தவள், சபையில் ஒருவரான பிச்சைமணியின் மகள், கழுத்தில் பெரிய மாலை ஒன்றைப் போட்டிருந்தாள். தூரத்திலிருந்து பார்க்கச் சாம்பலும் பச்சையுமாய் ஏதோ பூப்போலத் தெரிந்தது.

சுளகுகளை மேடைக்கு முன்னால் இறக்கினார்கள். புஷ்பம் துணியை எடுத்தாள்.

முதல் சுளகில் பச்சைப்புறாக்கள் ஒரு வரிசை, மைனாக்கள் ஒரு வரிசை, நடுவில் குக்குறுவான்கள். எல்லாவற்றின் கழுத்தையும் ஒரே பக்கம் திருப்பி, கால்களை வாழைநாரால் சேர்த்துக் கட்டி, அளவு பார்த்து அடுக்கியிருந்தார்கள். அடுத்த சுளகில் தவிடு பரப்பி அதன்மேல் முட்டைகள். நீலமாய்ச் சில, வெள்ளையாய்ச் சில. பிச்சைமணி மகள் கழுத்தில் கிடந்தது பூமாலை அல்ல. முந்தைய நாட்களில் விழுந்த பறவைகளின் இறக்கைகளை வெட்டி நூலில் கோத்திருந்தார்கள்.



புஷ்பம் கைகட்டி நின்று, மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள். "சபையாருக்குத் தோத்திரம். இந்த மரத்தை ஆண்டவர் எங்களுக்குக் கொடுத்தார். அதைக் காவல் காக்கும்படி எங்களை வைத்தார். நாங்கள் முறை வைத்துக் காவல் காத்தோம். மரம் பழுத்ததும், பழத்தைத் தின்ன வந்த திருடர்கள் நூற்றுப் பதினாலு பேரை எட்டு நாளில் பிடித்தோம். கூடுகளையும் கலைத்தோம். இனிமேல் இந்த மரத்தில் ஒரு பழத்தைக்கூட யாரும் திருட முடியாது. ஆமென்."

ஆமென் என்று மற்ற இருபது குரல்களும் சேர்ந்து சொன்னன.

கிருபாவதிக்கு அப்போதுதான் புரிந்தது. அன்று விடியற்காலையில் எது குறைந்தது என்பதும், காவல் என்ற சொல்லும்.

அவள் பிறந்தது திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காடு. பனையைத் தவிர வேறெதுவும் முளைக்காத மணல். அங்கே காவல் என்ற சொல்லை அவள் கேட்டது இரவு ஜெபத்தில் மட்டும்தான். பிள்ளைகளைக் காரும், வீட்டைக் காரும் என்று அவள் அம்மா விளக்கை அணைக்கும்முன் சொல்வாள். காவல் என்றால் அவளுக்கு யாரோ தூங்காமல் பக்கத்தில் இருப்பது. இந்தப் பள்ளத்தாக்கில் காவல் என்றால் சோளக்காட்டுப் பரண். கவணும் கல்லும் தகரமும். கதிரைத் தின்ன வரும் கிளியையும் குருவியையும் அடித்து, நாலைக் கம்பில் கட்டித் தொங்கவிடுவது. பிள்ளைகள் அதைப் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறார்கள். மரத்தைக் காவல் காக்கச் சொன்னாள். காத்திருக்கிறார்கள். அவள் சொன்ன சொல்லுக்கு ஒரு மாத்திரை குறையாமல், அவர்களுக்குத் தெரிந்த அர்த்தத்தில், மனம் ஒன்றிச் செய்திருக்கிறார்கள்.

எழுந்து ஓடிப்போய் அந்தத் துணியை மறுபடியும் மூட வேண்டும் என்று இருந்தது.

அதற்குள் அய்யாத்துரை எழுந்துவிட்டார். மேடைக்கு முன்னால் வந்து சுளகைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. இந்தத் தொடரில் அவர் கண் கலங்கி நாம் பார்த்ததில்லை.

"சபையாரே," என்றார். "இந்த மரத்து மேல கல்லு எறிஞ்சா வாயில ரத்தம் வரும், வெள்ளிக்கெழமைக்குள்ள பாடையேறும்னு நம்ம எல்லாரும் கேட்டு வளந்தோம். நம்ம புள்ளைக எட்டு நாளா எறிஞ்சிருக்குக. ஒரு புள்ளைக்காவது ஒரு தலைவலி வந்துச்சா? வரல. முனி இருந்தா விட்டிருப்பானா? நான் கோடாலியால வெரட்டணும்னு நெனச்சேன். இந்தப் பச்சைப் புள்ளைக கல்லால வெரட்டிப்புட்டுதுக. இனி அது வெறும் மரம். வெறும் மரத்தை எதுக்கு வெட்டணும்? நிக்கட்டும். நெழல் குடுக்கட்டும்."

ஜனம் பெருமூச்சு விட்டது. சிலர் தோத்திரம் என்றார்கள்.

போதகர் நல்லவர். நல்லவர்கள் ஒன்றைக் கேட்டுத் தெளிந்துகொள்ளாமல் விடமாட்டார்கள், அதுதான் வந்த வினை. சுளகைப் பார்த்த அவர் முகத்தில் ஒரு சின்னச் சுளிப்பு இருந்தது. அவர் பெண்கள் பக்கம் திரும்பினார். "கிருபாவதியம்மா, இது நீங்கள் சொல்லிக் கொடுத்தபடிதானா?"

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. புஷ்பத்தின் தலையும்.

இல்லை என்று சொல்லலாம். இது பாவம், பழம் அவற்றுக்கும் சேர்த்துத்தான் என்று சொல்லலாம். சொன்னால் மாமனார் என்ன கேட்பார் என்பதும் அவளுக்குத் தெரியும். பறவைக்கு ஏன் இப்படித் துடிக்கிறாய், உனக்கும் முனிப் பயமா என்பார். நாளைக் காலை சின்னக்கருப்பு கோடாலியோடு வருவான். இருபத்தோரு பிள்ளைகள் காணிக்கையை எடுத்துக்கொண்டு சபைக்கு நடுவில் தலைகுனிந்து திரும்பும். புஷ்பத்தின் முகத்தில் இப்போது இருக்கிற வெளிச்சம் போய்விடும்.

"ஆமாங்க ஐயா," என்றாள் கிருபாவதி. "நான் சொல்லிக்குடுத்ததுதான்."

மரம் தப்பியது. அவள் கோயிலுக்குள் உட்கார்ந்து பொய் சொல்லி அதைத் தப்புவித்தாள்.

ஆராதனை முடிந்து அசனப் பந்தி நடந்தது. கிருபாவதி சமையல் பந்தலின் பின்பக்கம் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். காய்ச்சல்காரி என்று யாரும் அவளிடம் வேலை சொல்லவில்லை. காலையில் விழுந்த பச்சைப்புறாக்களை யாரோ உரித்து மசாலா போட்டிருந்தார்கள். அந்தக் குழம்பு போதகரின் இலைக்குப் போவதை அவள் பார்த்தாள். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். பிள்ளைகளின் காணிக்கை என்று வற்புறுத்தியதும் சாப்பிட்டார்.

வைகுண்டராஜ் வந்து பக்கத்தில் நின்றான்.

"ஒங்களுக்குத் தெரியும்," என்றாள் அவள்.

"நாலு நாளைக்கு முன்னால தெரியும்." அவன் தரையைப் பார்த்தான். "புஷ்பம்தான் வந்து கேட்டா, உண்டிவில்லுக்குத் தோலும் ரப்பரும் வேணும்னு. கடையில கெடந்த பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் குடுத்தேன். அம்மா காவல் காக்கச் சொன்னாகன்னு சொன்னா. நீ சொல்லித்தான் செய்யுதுகன்னு நெனச்சேன்."

"நான் பறவையக் கொல்லச் சொல்லுவேனா? பத்து வருசமா என்கூட இருக்கீகளே."

"நெனச்சேன் கிருபா. பெறகு ரெண்டு நாளா நெனைக்கல. ஆனா காய்ச்சல்ல கெடக்கிறவகிட்ட எதுக்குன்னு விட்டுட்டேன்."

"காலையில சொல்ல வந்தீக."

"வந்தேன்." அவளுக்கு அவன்மேல் கோபிக்கத் தெம்பில்லை. தான் கோயிலில் செய்ததும் இதே காரியம்தானே என்று தோன்றியது. வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் திறக்காமல் இருப்பது இந்த வீட்டில் தொத்து வியாதியாகிவிட்டது.

அய்யாத்துரை கை கழுவிவிட்டு அந்தப் பக்கமாக வந்தார். மருமகளுக்கு முன்னால் நின்று தொண்டையைச் செருமினார்.

"தாயி, ஒன்னையத் தப்பா நெனச்சுப்புட்டேன். மரத்துக்குப் பரிஞ்சு பேசுறியே, ஒனக்கும் அந்தப் பயம் தொத்திக்கிருச்சோன்னு நெனச்சேன். நீ புள்ளைகள நல்லாத்தான் வளத்திருக்க." அவர் கையில் ஒரு புது உண்டிவில் இருந்தது. நல்ல கொய்யாக் கவட்டை, இழைத்துப் பளபளவென்று இருந்தது. "இது புஷ்பத்துக்கு. இப்பத்தான் நான் சொல்லிச் செஞ்சது. அடுத்த வாரத்துலயிருந்து இந்தக் காவல நம்ம மண்டித் தோட்டத்துக்கும் வச்சிருவோம்."

பத்து வருஷமாக அந்த வாயிலிருந்து ஒரு நல்ல சொல்லுக்கு அவள் காத்திருந்தாள். வந்தது. வாங்கிக்கொள்ள அவளால் முடியவில்லை.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கிருபாவதி மரத்தடிக்குப் போனாள். காலையில் ஜனம் மிதித்த மண்ணில் செருப்புத் தடங்கள் கிடந்தன. நிழலுக்குள்ளேயே கிடந்தன. அவள் அண்ணாந்து பார்த்தாள். மரம் முழுக்கப் பழம். சிவந்து பழுத்து, தின்ன ஆளில்லாமல் உதிர்ந்து, காலடியில் நசுங்கிக் கிடந்தது.

ராக்கையா வாய்க்கால் பக்கமிருந்து மண்வெட்டியோடு வந்தார். அறுபது வயது மனிதர். இந்த நிலம் அவர் பாட்டன் காலத்து நிலம். அவர் நேரே மரத்தடியைக் கடந்து வந்தபோது கிருபாவதிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் காலில் செருப்பு இருந்தது.

"என்ன தாயி, ஒடம்பு தேவலையா?"

"தேவலை." அவள் அவர் காலையே பார்த்தாள். "செருப்பக் கழட்டலையா?"

"யாருக்குக் கழட்ட?" ராக்கையா மண்வெட்டியை ஊன்றினார். "வெள்ளிக்கெழம வரைக்கும் பாத்தேன். புள்ளைக அங்கன நின்னு அடிக்குதுக, இங்கன நின்னு அடிக்குதுக. ஒண்ணுஞ் சொல்லாம நின்னுக்கிட்டு இருந்தேன், அவரு பாத்துக்கிருவாருன்னு. அவரு பாக்கல. போயிட்டாரு போல. இல்லாத ஆளுக்கு எதுக்கு மரியாத."

"நீங்களாவது அதுகளத் தடுத்திருக்கக்கூடாதா? இத்தன காலமும் நீங்க காத்த மரந்தான?"

"நாங்க எங்க காத்தோம்? நாங்க பயந்தோம் தாயி." அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. "எங்க அய்யா காலத்துல ஒரு குஞ்சு கீழ விழுந்தாக்கூட ஏணி வச்சு ஏத்தி விட்டுட்டு வருவாக. பிரியத்துல இல்ல, பயத்துல. ஒங்க சாமிகிட்டப் பயம் வேண்டாம், அன்புதான்னு நீங்க புள்ளைகளுக்குச் சொன்னத வாய்க்கால்ல நின்னு நானும் கேட்டேன். நல்லா இருக்கேன்னு நெனச்சேன்."

அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார். "எம் மருமக ஆட்டுக்குக் கொழை ஒடிக்கணும்னு ரொம்ப நாளாக் கேக்குறா. இத்தன வருசமும் வேண்டாம்னு மெரட்டி வச்சிருந்தேன். இன்னைக்கு என்ன சொல்லி மெரட்டுறதுன்னு தெரியல."

அவர் போய்விட்டார். செருப்புச் சத்தம் வாய்க்கால் வரப்புவரை கேட்டது.

கிருபாவதிக்கு அழுகை வந்தது. யாருக்காக என்று பிரித்துச் சொல்ல அவளாலேயே முடியாத அழுகை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ரீங்காரத்தைத் தாண்டி ஒரு குரல் கேட்டது. மரத்தின் இரண்டாம் கவட்டையில் ஒரு பொந்து. அதிலிருந்து விட்டு விட்டு ஒரு மைனாக்குஞ்சு கத்திக்கொண்டிருந்தது. இரை கேட்கும் கத்தல். கொண்டுவர யாருமில்லை என்பது அதற்குத் தெரியவில்லை.

"ஒண்ணு தப்பிச்சிருச்சும்மா."

புஷ்பம் பின்னால் நின்றாள். தாத்தா கொடுத்த புது உண்டிவில் கையில் இருந்தது. கல்லைத் தோலில் வைத்து, ஒரு கண்ணை மூடி, ரப்பரைக் காதுவரை இழுத்தாள். கிருபாவதி பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். கல் எங்கோ வாய்க்காலில் விழுந்தது.

"வேண்டாம்டி."

"ஏம்மா? அது பழந்தான திங்கும்?"

"திங்கட்டும். பழம் அதுக்குந்தான். பழுக்கிறது அதுக்குச் சேத்துத்தான்." கிருபாவதி மகளுக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "காவல்னா அடிக்கிறது இல்லடி புஷ்பம். மரத்த நம்பி வந்ததுகளையும் சேத்துப் பாத்துக்கிறது. நான் ஒங்களுக்கு அதச் சொல்லாம விட்டுட்டேன்."

புஷ்பம் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மரத்தைப் பார்த்தாள். குழந்தைக்கு விஷயம் மெல்ல மெல்ல உள்ளே இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிடக் கொடுமை வேறில்லை.

"அப்ப நாங்க செஞ்சது தப்பா?"

"தப்புதான். ஆனா அது என் தப்பு. ஒங்க தப்பு இல்ல."

"அப்ப ஏன் கோயில்ல ஐயா கேட்டப்ப ஆமான்னு சொன்ன?"

கிருபாவதி காலடியில் நசுங்கிக் கிடந்த ஒரு பழத்தை மண்ணால் மூடினாள்.

"சொல்லும்மா. எது பொய்? அங்க சொன்னதா, இங்க சொல்றதா?"

"அங்க சொன்னது," என்றாள் கிருபாவதி. "மரத்த வெட்டிருவாகன்னு பயந்து சொன்னேன்."

புஷ்பத்தின் உதடு கோணியது. தோல் உரிந்த கையைப் பாவாடையில் துடைத்தாள். இரண்டு தடவை, மூன்று தடவை துடைத்தாள். பிறகு உண்டிவில்லை அம்மாவின் மடியில் போட்டாள்.

"நூத்திப் பதினாலும்மா," என்றாள். "நான் மட்டும் இருபத்தெட்டு."

"இங்க வாடி."

அவள் வரவில்லை. ஓரடி பின்வாங்கினாள். "தாத்தாகிட்டச் சொல்லணும். ஐயா பஸ் ஏறுறதுக்கு முன்னால அவுககிட்டயும் சொல்லணும். பொய் சொன்னா பொழுது சாயுறதுக்குள்ள ஒத்துக்கிரணும்னு நீதான பாடத்துல சொல்லிக்குடுத்த."

சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினாள். மண்டி வாசலில் அய்யாத்துரை உட்கார்ந்திருப்பது மரத்தடியிலிருந்தே தெரிந்தது. பக்கத்தில் சின்னக்கருப்பு நின்றான். நாளைக்கு வேலை இல்லை என்று சொல்லி அனுப்பக் கூப்பிட்டிருப்பார். கோடாலி இன்னும் அவன் தோளில்தான் இருந்தது.

கிருபாவதி எழுந்துவிட்டாள். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். போகாதே, சொல்லாதே என்று இரண்டு வார்த்தை போதும், பிள்ளை நின்றுவிடும். இதுவரை அம்மா சொன்ன எந்தச் சொல்லையும் அவள் தட்டியதில்லை.

மேலே குஞ்சு கத்திக்கொண்டே இருந்தது. கிருபாவதி வாயைத் திறந்தாள். சொல் நாக்கு வரைக்கும் வந்து நின்றது. புஷ்பம் மரத்து நிழலைத் தாண்டி, வெயிலில் ஓடிக்கொண்டிருந்தாள்.